250 கோடி அபராதம் யார் கைக்குப் போகும்?

கேள்வி: நான் எம்.காம். இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் ஊர் நெட்டப்பாக்கம் கொம்யூனில் உள்ள கரியமாணிக்கம். என் அம்மா விழுப்புரத்தில் ஒரு கடையில் தவணைக்கு ஃபிரிட்ஜ் வாங்கினார். ஆதார் நகல், பான் கார்டு, பாஸ்புக்கின் முதல் பக்கம், இரண்டு போட்டோ கொடுத்தோம். 'ரெஃபரன்ஸ்' என்று சொல்லி என் சித்தி, மாமா இருவரின் செல் எண்களையும் வாங்கிக்கொண்டார்கள். தவணை முழுவதும் கட்டி முடித்தாயிற்று. அதற்குப் பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. யார் யாரோ அழைக்கிறார்கள். "போன லோனை ஒழுங்கா கட்டிட்டீங்களே அம்மா, இப்போ எண்பதாயிரம் தர்றோம்" என்கிறார்கள். பழைய கடன் தொகை எவ்வளவு என்பதுகூட அவர்களுக்குத் தெரிகிறது. சித்திக்கும் அழைப்பு வருகிறது. கடையில் கேட்டால் ஃபைனான்ஸ் கம்பெனியைக் கேட்கச் சொல்கிறார்கள். கம்பெனியிலோ, "நீங்க கையெழுத்துப் போட்ட ஃபாரத்திலேயே சம்மதம் இருக்கு" என்கிறார்கள். "கேஸ் போட்டால் 250 கோடி அபராதம்" என்கிறான் என் தம்பி. தனியுரிமைச் சட்டத்தை மீறிய நிறுவனங்கள் கட்டிய அபராதம் என்பதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்திருக்கிறேன். செய்திக்குச் செய்தி தொகை மாறுகிறது. எதை நம்புவது, எங்கே தேடுவது? என் அம்மாவுக்கு இதில் ஏதாவது கிடைக்குமா?

— ஒரு வாசகி, கரியமாணிக்கம்

பதில்: கடைசியாகக் கேட்டீர்களே, 'அம்மாவுக்கு ஏதாவது கிடைக்குமா?' என்று, அந்தக் கேள்வியையே உங்கள் ஆய்வுக்கும் முதுகெலும்பாக வைத்துக்கொள்ளுங்கள். அபராதத்தைப் பற்றி எழுதுபவர்கள் தொகையைப் பார்த்து மலைத்துப்போய் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பணம் யாரிடமிருந்து யாருக்குப் போயிற்று என்று தேடுபவர்கள் குறைவு.

தம்பி சொல்வது பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை. 2023 ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கடைசியில் ஓர் அட்டவணை இருக்கிறது. தகவலைப் பாதுகாக்க நியாயமான ஏற்பாடு செய்யாத நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை. தகவல் கசிந்ததை, இந்தச் சட்டப்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் சொல்லாவிட்டால் 200 கோடி வரை. குழந்தைகளின் தகவல் சம்பந்தமான கடமையை மீறினால் 200 கோடி வரை. பெரிய நிறுவனங்களுக்கென்று தனியே விதித்த கடமைகளைத் தவறவிட்டால் 150 கோடி வரை. தனியே பெயர் சொல்லாத மற்ற மீறல்களுக்கு 50 கோடி வரை. எல்லாவற்றிலும் 'வரை' என்ற சொல் ஒட்டியிருப்பதைக் கவனியுங்கள். செய்தித் தலைப்புகளில் முதலில் காணாமல்போவது அந்தச் சொல்தான். 33ஆம் பிரிவின்படி மீறல் 'கணிசமானது' என்று வாரியம் முடிவு செய்தால்தான் அபராதமே. அப்போதும் அது எத்தனை நாள் நீடித்தது, எந்த வகைத் தகவல், திரும்பத் திரும்ப நடந்ததா, நிறுவனம் அதில் லாபம் பார்த்ததா, கசிவை அடைக்க என்ன செய்தது என்பதையெல்லாம் எடைபோட்டுத்தான் தொகையை முடிவு செய்ய வேண்டும்.

அதைவிட முக்கியமானது தேதி. இந்தச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. வாரியத்தை அமைப்பது பற்றிய பிரிவுகள் உடனே நடைமுறைக்கு வந்தன. நிறுவனங்களின் கடமைகளையும் அபராதத்தையும் பற்றிய பிரிவுகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். அதாவது 2027 மே. அதற்கு முன்னால் இந்தச் சட்டத்தின் கீழ் யாருக்கும் அபராதம் விதிக்க வழியில்லை. ஆகவே '250 கோடி' என்று நீங்கள் படித்த எந்தச் செய்தியும் வசூலான பணத்தைப் பற்றியது அல்ல. ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலேயே இதை எழுதிவிடுங்கள்.

செய்திக்குச் செய்தி தொகை மாறுவதற்குக் காரணம் உண்டு. ஒரே மீறலுக்குப் பின்னால் நான்கைந்து வெவ்வேறு தொகைகள் இருக்கும்: சட்டம் அனுமதிக்கும் உச்சம், 'இவ்வளவு விதிக்கலாம் என்று இருக்கிறோம்' என்று அதிகாரி அனுப்பும் நோட்டீஸ், கடைசி ஆணை, மேல்முறையீட்டில் மிஞ்சியது, உண்மையில் கட்டியது. நிருபருக்கு அன்றைக்கு எது கையில் கிடைத்ததோ அது அச்சேறும். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2019 ஜூலையில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்துக்கு சுமார் 18 கோடியே 34 லட்சம் பவுண்ட் அபராதம் விதிக்கப்போவதாக அறிவித்தது. உலகமெங்கும் தலைப்புச் செய்தி ஆயிற்று. 2020 அக்டோபரில் வந்த இறுதி ஆணையில் இருந்தது 2 கோடி பவுண்ட். அதே மாதம் மேரியட் ஓட்டல் குழுமத்துக்கு 9 கோடியே 92 லட்சம் என்று சொன்னது 1 கோடியே 84 லட்சமாகச் சுருங்கியது. இன்றைக்கும் பல கட்டுரைகள் அந்தப் பழைய தொகைகளையே எடுத்தாள்கின்றன. ஆகவே ஒரு தொகையைக் குறித்தால், அது எந்தக் கட்டத்தின் தொகை என்று பக்கத்திலேயே குறியுங்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். இந்தியாவில் இந்த விஷயத்தில் விதிக்கப்பட்ட மிகப் பெரிய தொகை தனியுரிமைச் சட்டத்தின் கீழ் வந்ததே அல்ல. வாட்ஸ்அப் 2021இல் தன் தனியுரிமைக் கொள்கையை மாற்றி, 'ஏற்றுக்கொள் அல்லது விலகிப்போ' என்கிற நிலையைக் கொண்டுவந்ததல்லவா? அதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பர் 18 அன்று மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. பயன்படுத்திய சட்டம் 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டம். விளம்பரத்துக்காக வாட்ஸ்அப் தகவலை மெட்டாவின் மற்ற நிறுவனங்களோடு பகிரக் கூடாது என்று ஐந்து ஆண்டுத் தடையும் போட்டது. 2025 நவம்பர் 4 அன்று தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது, ஐந்து ஆண்டுத் தடையை நீக்கிவிட்டது. தொகையை மட்டும் பார்த்தால் ஆணையத்துக்கு வெற்றி. போன் வைத்திருப்பவர் பக்கம் நின்று பார்த்தால், அவருக்கு நேரடியாகப் பயன்பட்டிருக்கக்கூடிய பகுதிதான் கழன்றுபோயிற்று. அபராத ஆய்வு என்றால் இந்த இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஆகவே 'தனியுரிமை' என்ற சொல்லைப் போட்டு மட்டும் தேடாதீர்கள். நம்மிடம் இந்த மீறல்கள் வெவ்வேறு துறைகளின் சட்டங்களுக்குள் சிதறிக் கிடக்கின்றன. வங்கி, ஃபைனான்ஸ் நிறுவனம் என்றால் ரிசர்வ் வங்கி. காப்பீடு என்றால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். தொல்லை அழைப்பு என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். விதித்த அபராதங்களை ரிசர்வ் வங்கி பத்திரிகைக் குறிப்புகளாகத் தன் தளத்தில் போடுகிறது. 2023 ஜூனில் சிபில் உள்பட நான்கு கடன் தகவல் நிறுவனங்களுக்கும் ஒரே நேரத்தில் அபராதம் விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் 24 லட்சத்திலிருந்து 26 லட்சம் ரூபாய் வரை. கோடிக்கணக்கானவர்களின் கடன் வரலாற்றைக் கையில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இது ஒரு தொகையே அல்ல என்பது என் கருத்து. அந்தக் குறிப்புகளின் கடைசி வரியையும் படியுங்கள். இந்த நடவடிக்கை விதிமுறைக் குறைபாட்டுக்காக மட்டுமே, வாடிக்கையாளரோடு செய்த ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்பதைப் பற்றியது அல்ல என்று சொல்லியிருப்பார்கள். அதாவது, அந்தப் பணத்துக்கும் வாடிக்கையாளருக்கும் சம்பந்தமில்லை.

பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம் என்றால் தேட இன்னொரு நல்ல இடம் உண்டு. ஒழுங்குமுறை அமைப்பு அபராதம் விதித்தால் அதைப் பங்குச்சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது செபியின் விதி. மும்பைப் பங்குச்சந்தை, தேசியப் பங்குச்சந்தை தளங்களில் அந்தக் கடிதங்கள் யார் வேண்டுமானாலும் படிக்கும்படி கிடக்கின்றன. பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுடைய மருத்துவ ஆவணங்கள் டெலிகிராம் வழியே வெளியாவதாக 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்களின் தகவல் என்று திருடியவர் சொல்லிக்கொண்டார். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், அவற்றை முடக்க இடைக்கால உத்தரவு வாங்கியது. அன்றிலிருந்து அந்த நிறுவனம் பங்குச்சந்தைக்கு அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தையும் தேதி வரிசையில் வைத்துப் படியுங்கள். ஒரு கசிவுக்குப் பிறகு யார் யாரிடம் என்ன கேட்டார்கள், எதற்கு எவ்வளவு நாள் ஆயிற்று என்று ஓர் அத்தியாயமே உங்களுக்குக் கிடைக்கும்.

வெளிநாட்டு விவரங்களைத் திரட்டுவது எளிது. ஐரோப்பியச் சட்டத்தின் கீழ் பகிரங்கமாக அறிவிக்கப்பட்ட அபராதங்களை சி.எம்.எஸ். என்ற சட்ட நிறுவனம் பட்டியலாகப் பராமரிக்கிறது. அமெரிக்காவில் 'குட் ஜாப்ஸ் ஃபர்ஸ்ட்' அமைப்பு நடத்தும் 'வயலேஷன் டிராக்கர்' இருக்கிறது. பெரிய தொகைகள் தெரிந்தவைதான்: 2019இல் ஃபேஸ்புக்குக்கு அமெரிக்காவில் 500 கோடி டாலர், 2021இல் அமேசானுக்கு லக்சம்பர்க்கில் 74.6 கோடி யூரோ, 2023 மே மாதம் மெட்டாவுக்கு அயர்லாந்தில் 120 கோடி யூரோ. ஐரோப்பாவில் இவ்வளவு பெரிய தொகை வருவதற்குக் காரணம், அங்கே உச்சவரம்பை உலகளாவிய ஆண்டு விற்றுமுதலில் 4 சதவீதம் என்றும் கணக்கிட முடியும் என்பதுதான். நம் 2019ஆம் ஆண்டு மசோதாவிலும் அந்த 4 சதவீதம் இருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. விற்றுமுதல் எவ்வளவாக இருந்தாலும் வரம்பு அதே 250 கோடிதான். அந்த மாற்றம் சிறு நிறுவனத்தை அச்சுறுத்தும், மிகப் பெரியதை அசைக்காது என்று நான் நினைக்கிறேன். உங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் மாறாக வாதிடலாம். வாதிடட்டும், அதுவும் ஆய்வுக்கு நல்லதுதான்.

ஆணையை எப்படி எழுத வேண்டும் என்று பார்க்க சிங்கப்பூருக்குப் போங்கள். 2018இல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தில் 15 லட்சம் நோயாளிகளின் தகவல் திருடுபோனது. 2019 ஜனவரியில் அங்குள்ள தகவல் பாதுகாப்பு ஆணையம் சிங்ஹெல்த்துக்கு 2.5 லட்சம் சிங்கப்பூர் வெள்ளியும், அதன் கணினிகளைப் பராமரித்த நிறுவனத்துக்கு 7.5 லட்சம் வெள்ளியும் அபராதம் விதித்தது. எந்த எச்சரிக்கையை யார் கவனிக்கத் தவறினார் என்பதுவரை ஆணையில் எழுதி வெளியிட்டார்கள். தொகையைவிட அந்த விளக்கம் மதிப்புள்ளது. அடுத்த மருத்துவமனை அதைப் படித்துத் தன் கதவைப் பூட்டிக்கொள்ள முடியும்.

இப்போது, பணம் யாருக்கு? நம் 2023 சட்டத்தின் 34ஆம் பிரிவு ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. வசூலாகும் அபராதம் முழுவதும் இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகும். உங்கள் அம்மாவின் எண்ணை விற்றவனுக்கு நாளை 50 கோடி விதித்தாலும், கரியமாணிக்கத்துக்கு அதில் ஒரு ரூபாய் வராது. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர வாரியத்துக்கு அதிகாரம் கொடுக்கவில்லை. அமெரிக்காவிலும் ஃபேஸ்புக் கட்டிய தொகை கருவூலத்துக்குத்தான் போயிற்று. ஈக்விஃபாக்ஸ் நிறுவனத்தில் 14.7 கோடிப் பேரின் தகவல் திருடுபோனதற்காக 2019இல் ஏற்பட்ட சமரசத்தில், பாதிக்கப்பட்டவருக்கு 125 டாலர் என்று அறிவித்தார்கள். அந்த வகைக்கு ஒதுக்கியிருந்ததோ 3.1 கோடி டாலர். விண்ணப்பங்கள் குவிந்ததால் அந்த 125 டாலரை எதிர்பார்க்க வேண்டாம் என்று அரசே சொல்லவேண்டி வந்தது.

இந்தியாவில் இழப்பீட்டுக்கு ஒரு கதவு இருக்கிறது. அது மூடப்போகிறது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு உண்டு. நுட்பமான தனிநபர் தகவலைக் கையாளும் நிறுவனம் அதைப் பாதுகாப்பதில் அலட்சியமாக இருந்து, அதனால் ஒருவருக்கு நட்டமோ இன்னொருவருக்கு முறையற்ற ஆதாயமோ ஏற்பட்டால், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் இழப்பீடு தர வேண்டும். 5 கோடி ரூபாய் வரையான கோரிக்கைகளை மாநிலத்தின் அல்லது யூனியன் பிரதேசத்தின் தகவல் தொழில்நுட்பச் செயலரே தீர்ப்பளிக்கும் அதிகாரியாக இருந்து விசாரிப்பார். நீதிமன்றம் போகவேண்டியதில்லை. புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும் 2027 மே மாதத்தில் இந்த 43ஏ நீக்கப்படுகிறது.

செயலரின் முன் இப்படி ஒருவர் வென்ற வழக்கு தமிழ்நாட்டிலேயே உண்டு. தூத்துக்குடிக்காரர் ஒருவர், அபுதாபியில் வேலை. 2007இல் வங்கி அனுப்பியதுபோல் வந்த போலி மின்னஞ்சலால் ஐசிஐசிஐ வங்கிக் கணக்கிலிருந்து 6.46 லட்சம் ரூபாயை இழந்தார். அப்போது தமிழ்நாட்டின் தகவல் தொழில்நுட்பச் செயலராக இருந்த பி.டபிள்யூ.சி. டேவிதார் இதே சட்டத்தின் 43ஆம் பிரிவின் கீழ் விசாரித்து, வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2010 ஏப்ரல் 12 அன்று ஆணையிட்டார். வங்கி மேல்முறையீட்டுக்குப் போனது. அதை விசாரிக்க வேண்டிய இணையவெளி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்கு 2011 முதல் ஆண்டுக்கணக்கில் தலைவரே நியமிக்கப்படவில்லை. பிறகு அதன் வேலை டெலிகாம் தீர்ப்பாயத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே 2019இல்தான் அவருக்குச் சாதகமாக முடிவு வந்தது. ஆணை வந்தது வேறு, தொகை கைக்கு வருவது வேறு என்று முன்னால் சொன்னேனே, அதை ஒரு மனிதர் ஒன்பது ஆண்டு வாழ்ந்து பார்த்திருக்கிறார். அத்தனை ஆண்டும் விடாமல் நின்ற அவர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

உங்கள் அம்மாவின் விஷயத்தில் 43ஏ எடுபடுமா? ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பிரிவுக்கான 2011 விதிகளில் 'நுட்பமான தகவல்' என்று பட்டியலிட்டதில் கடவுச்சொல், வங்கிக் கணக்கு போன்ற நிதி விவரம், உடல்நல விவரம், கைரேகை முதலியவை உண்டு. வெறும் செல் எண் அதில் இல்லை. அழைத்தவருக்கு எண் மட்டும் தெரிந்திருந்தால் வழக்கு பலவீனம். பழைய கடனின் தொகையும், அதை முடித்த விவரமும் தெரிந்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதுதான் உங்கள் கையிலுள்ள துருப்பு. அடுத்த முறை அழைப்பு வந்தால் திட்டி வைத்துவிடாமல், நிதானமாகப் பேச்சுக் கொடுத்து, என்னென்ன தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்று எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். தேதி, நேரம், எண், சொன்ன நிறுவனப் பெயர் எல்லாம். ஓ.டி.பி., ஆதார் எண் எதையும் தரக் கூடாது.

எங்கிருந்து கசிந்தது என்று பார்க்க இன்னொரு வழியும் உண்டு. நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. அதில் எந்தெந்த நிறுவனம், எந்தத் தேதியில் அம்மாவின் கணக்கை விசாரித்தது என்று ஒரு பகுதி வரும். அம்மா கடனே கேட்காத நிறுவனத்தின் பெயர் அங்கே இருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்து வையுங்கள். கம்பெனி சொல்வதைவிட அந்தத் தாள் அதிகம் பேசும்.

ஆனாலும் உங்களுக்கு நான் முதலில் காட்ட விரும்பும் இடம் நுகர்வோர் ஆணையம்தான். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வாடிக்கையாளர் நம்பிக்கையோடு கொடுத்த தனிப்பட்ட தகவலைச் சட்டம் அனுமதிக்காத வகையில் வேறொருவருக்கு வெளிப்படுத்துவதை நேர்மையற்ற வணிக நடைமுறை என்று வரையறுக்கிறது. இங்கே 'நுட்பமான' என்ற நிபந்தனை கிடையாது. செல் எண்ணும் சேரும். கடை இருப்பது விழுப்புரத்தில், அதாவது தமிழ்நாட்டில். நீங்கள் இருப்பது புதுச்சேரி. உங்கள் பக்கத்தில் மடுகரையைத் தாண்டினால் மாநிலமே மாறிவிடுகிறது, எந்த ஊர் ஆணையத்துக்குப் போவது என்ற குழப்பம் உங்கள் பகுதியில் எல்லோருக்கும் வருவதுதான். 1986ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எதிர்த்தரப்பு இருக்கும் ஊருக்கோ, பிரச்சினை எழுந்த ஊருக்கோதான் அலைய வேண்டும். 2019 சட்டத்தின் 34ஆம் பிரிவு அதை மாற்றிவிட்டது. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் தரலாம். அம்மா புதுச்சேரி ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆகவேண்டும் என்றும் இல்லை. அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகாரைப் பதிந்து வையுங்கள். பல நேரம் அந்த ஓர் அழைப்பிலேயே நிறுவனம் இறங்கி வரும்.

'ஃபாரத்தில் சம்மதம் இருக்கு' என்று சொன்னார்களே, அந்த ஃபாரத்தின் நகலைப் பதிவுத் தபாலில் கேளுங்கள். நிறுவனத்தின் குறைதீர் அலுவலர் பெயருக்கே எழுதுங்கள். 2011 விதிகளின்படி அவர் ஒரு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். முப்பது நாள் கழிந்தும் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் திருப்தி தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அவர்களின் எண் 14448. அந்த ஃபாரம் எந்த மொழியில் இருந்தது என்றும் பாருங்கள். அம்மாவுக்குத் தெரியாத மொழியில், எறும்பு ஊர்வதுபோன்ற எழுத்தில் இருந்ததைச் சம்மதம் என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். புதிய சட்டமும் ஏற்காது. சம்மதம் கேட்கும் அறிவிப்பை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் படிக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது அது. தமிழ் அதில் உண்டு. சித்தியும் மாமாவும் எதிலுமே கையெழுத்துப் போடவில்லை. அவர்கள் எண்ணுக்கு வந்த அழைப்புக்கு நிறுவனம் என்ன சம்மதத்தைக் காட்டப்போகிறது? அதைத் தனிப் பத்தியாக எழுதுங்கள். ஒன்று மட்டும்: உள்ளது உள்ளபடி எழுதுங்கள். பொய்யான புகாருக்குத் தனிநபருக்கும் 10,000 ரூபாய் வரை விதிக்கலாம் என்று புதிய சட்டத்தின் அட்டவணையிலேயே ஒரு வரி இருக்கிறது.

எண் எங்கிருந்து போயிற்று என்ற கேள்வி புதுச்சேரிக்குப் புதிதல்ல. 2021 சட்டமன்றத் தேர்தலின்போது வாக்காளர்களுக்குத் தொகுதிவாரியாகக் குறுஞ்செய்திகள் வந்தன. ஆதாரோடு இணைத்த எண்களுக்கே அவை வந்ததாகச் சொல்லி, ஜனநாயக வாலிபர் சங்கம் பா.ஜ.க. மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தது. தங்கள் தொண்டர்கள் நேரில் சேகரித்த எண்கள் என்று கட்சி மறுத்தது. தலைமை நீதிபதி சஞ்சீப் பானர்ஜி, நீதிபதி செந்தில்குமார் ராமமூர்த்தி அமர்வு, ஆதார் ஆணையத்திடம் விளக்கம் கேட்டது. அது நிறுவன வழக்கல்ல, உங்கள் அபராதப் பட்டியலில் வராது. ஆனாலும் படியுங்கள். ஓர் எண்ணின் பயணத்தை நிரூபிப்பது எவ்வளவு கடினம் என்று அந்த வழக்குத் தாள்களில் தெரியும்.

ஆய்வுக்கு இன்னொரு யோசனை. இந்திய அரசு இந்த அபராதங்களை ஒரே இடத்தில் தொகுத்துத் தருவதில்லை. உங்கள் யூனியன் பிரதேச அளவில் அதை நீங்களே தொடங்கலாம். புதுச்சேரி தகவல் தொழில்நுட்பத் துறைக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். தீர்ப்பளிக்கும் அதிகாரி முன் இதுவரை எத்தனை மனுக்கள் வந்தன, எத்தனை முடிந்தன, எவ்வளவு இழப்பீடு உத்தரவானது, ஆணைகளின் நகல் என்று நான்கு கேள்வி போதும். 2025 நவம்பர் முதல் இந்தச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவு திருத்தப்பட்டிருப்பதால், தனிநபர் தகவல் என்று சொல்லி மறுக்கப் பார்க்கலாம். நிறுவனம் தனிநபர் அல்ல. மனுதாரரின் பெயரை மறைத்து நகல் தரும்படி முதலிலேயே எழுதிவிடுங்கள். மறுத்தால் முதல் மேல்முறையீடு அதே துறையில். இரண்டாவது, தமிழ்நாட்டுக்காரர்களைப்போல் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு அல்ல, டெல்லியிலுள்ள மத்திய தகவல் ஆணையத்துக்கு. புதுச்சேரி அதன் வரம்பில்தான் வருகிறது.

தேர்வுக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடக்கூடாத வேலை ஒன்று இருக்கிறது. நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுதான் கெடு. முதல் அழைப்பு எப்போது வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவின் போனிலோ சித்தியின் போனிலோ அந்தத் தேதி இன்னும் அழியாமல் இருக்கலாம். இன்று ராத்திரியே இரண்டு போனையும் வாங்கிப் பார்த்து, திரையைப் படம் எடுத்து வைத்துவிடுங்கள்.